கீரிக்கு எதிராக ஒரு கோழி வலை

கட்டிங் பிளேயரின் வாயில்தான் பள்ளம் விழுந்தது. வலையில் ஒரு கம்பிகூட அறுபடவில்லை.

ரஞ்சிதம் பிளேயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்று காலையில்தான் செஞ்சி பஜாரில் வாங்கியது.

"இன்னா ஆச்சு?" என்று கேட்டபடி தோட்டத்துப் பக்கம் வந்தார் அவள் கணவர் ஆதிமூலம். பஸ் கண்டக்டர். அன்றைக்கு அவருக்கு டூட்டி இல்லை.

"பிளேயர் மட்டம்."

"பேசாம கோழிங்கள வித்துடுன்னு சொன்னேன். கேட்டியா?"

இந்த 'வித்துடு'தான் அவளுக்கு ஆகாது. கோட்டை மலைப் பாறை இடுக்கிலிருந்து இறங்கி வரும் ஒரு கீரி, அவள் வளர்த்த நாட்டுக்கோழிக் குஞ்சுகளில் பாதியைத் தூக்கிப் போயிருந்தது. மூங்கில் தட்டி வைத்தாள், அடியில் புகுந்தது. நைலான் வலை கட்டினாள்; கடித்துக் கிழித்தது. தெருவே விற்கச் சொன்னது. ரஞ்சிதம் சென்னைக் கடை ஒன்றுக்குப் போன் போட்டு இரும்பு வலைக்கு ஆர்டர் கொடுத்தாள். "கீரி இல்லம்மா, புலியே வந்தாலும் அசையாது" என்றான் கடைக்காரன்.

பார்சல் ஆபீஸ் ஆனந்தராஜ்தான் மரப்பெட்டியை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினான். இறக்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"யக்கா, கோழிக்கா இது, யானைக்கா?"

"நல்ல சாமான் கனமாத்தான் இருக்கும்" என்றாள் ரஞ்சிதம் பெருமையாக.

இப்போது பிளேயர் தோற்றதும், அதே பெருமையோடு தகரம் வெட்டும் கத்திரியை இரவல் வாங்கி வந்தாள். அதன் முனை மழுங்கியது. வெட்டத்தானே முடியவில்லை, மடக்கிவிட்டால் போயிற்று என்று வலையின் ஓரத்தில் ஏறி நின்று மிதித்தாள்.

படக்கென்று ஓரம் முழுக்க அப்பளம் போல் நொறுங்கியது.

ஆதிமூலம் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார். "வெட்டினா வெட்டுப்படல, மடக்கினா ஒடையுது. உனுக்குன்னே செஞ்சி அனுப்பிச்சிருக்கான்."

"சிரிங்க, நல்லா சிரிங்க. இத்த நான் கட்டாம உடமாட்டேன்."

பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பட்டறையிலிருந்து இளவழகனை வரவழைத்தாள். கேஸ் வெல்டிங்கில் கை தேர்ந்தவன். வலையை இரும்புச் சட்டத்தோடு பற்றவைக்கத் தீயைப் பிடித்தான். சட்டம் உருகிச் சொட்டியது. வலை வெள்ளையாக ஜொலித்தது, ஆனால் உருகவில்லை. தீயை எடுத்ததும் கம்பியெல்லாம் மஞ்சளாகப் பொடி பூத்திருந்தது.

இளவழகன் கண்ணாடியைக் கழற்றினான். "யக்கா, இரும்பு தண்ணியா ஓடுது. இது என்ன மொறச்சிக்கினு நிக்குது. மேல பாரு, மஞ்சத்தூளு!"

"அதுக்கு?"

"ஏதோ சாமி குத்தம் மாதிரி இருக்குது. எனக்கு வேணாம்." சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு கிளம்பினான். போகிற வேகத்தில் அவன் கால் இடறிச் சட்டம் சரிந்தது. ஒட்டியதாக நினைத்த இடமெல்லாம் பிட்டுக்கொண்டது.

ரஞ்சிதம் அசரவில்லை. சவுக்குக் கழிகள் நட்டு, கட்டுக்கம்பியால் வலையை இழுத்துக் கட்டினாள். மாலைக்குள் கூண்டு நிமிர்ந்து நின்றது; கோழிகளும் உள்ளே போயின. ஆதிமூலம்கூட "பரவாயில்லையே" என்று பக்கத்தில் வந்து தட்டிப் பார்த்தார்.

தட்டியிருக்கக் கூடாது. கழிகள் கனம் தாங்காமல் மெதுவாகச் சாய்ந்தன. முழுக் கூண்டும் அவருடைய மொபெட் மேல் படுத்தது. ஹெட்லைட் தூள். கோழிகள் தெருவில் இறங்கி மேல்மலையனூர் பஸ்ஸை நிறுத்தின. டிரைவர் அவரோடு வேலை பார்ப்பவர்தான். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "இன்னா ஆதிமூலம், லீவு நாள்லயும் பஸ்ஸ நிறுத்தறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"நாளைக்கே இத்த திருப்பி அனுப்பிடு!" என்று கத்தினார் ஆதிமூலம். "இல்லன்னா நான் அனுப்பறேன்!"

ரஞ்சிதம் கையில் ஒரு கோழியோடு திரும்பினாள். புடவையெல்லாம் சேறு. "ஒரு வலைகிட்ட தோத்துட்டேன்னு இந்தத் தெரு பேசணுமா? இத்தன நாளு எல்லாரும் வித்துடு வித்துடுன்னீங்க. யாராவது ஒருத்தர், எப்பிடி காப்பாத்தலாம்னு கேட்டீங்களா?"

ஆதிமூலம் உடைந்த ஹெட்லைட்டைப் பொறுக்கத் தொடங்கினார்.

மறுநாள் அவரே கல்தூண் ஏற்றி வந்தார். மலையடிவாரத்தில் தன் நிலத்துக்கு வேலி போட வாங்கி வைத்திருந்த கருங்கல். இருவரும் குழி தோண்டி நட்டார்கள். வலையை வெட்டவில்லை, மடக்கவில்லை, பற்றவைக்கவில்லை. வந்த அளவுக்கே கூண்டைக் கட்டி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சிமெண்டில் புதைத்துவிட்டார்கள்.

கீரி வந்தது. வலையைக் கடித்தது. தலையை உதறிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தது. பிறகு மலையைப் பார்த்துப் போய்விட்டது. அப்புறம் வரவே இல்லை. ரஞ்சிதம் தெருவில் நிமிர்ந்து நடந்தாள்.

ஆனந்தராஜ் மூச்சிரைக்க ஓடி வந்தது அதற்குப் பிறகுதான்.

"யக்கா, பெட்டி மாறிப் போச்சி. அது கோழி வலையே இல்ல. டங்ஸ்டனாம்!"

"அப்பிடின்னா?"

"குண்டு பல்புக்குள்ள எரியும் பாரு, அந்தக் கம்பி. உலோகத்துலயே அதுதான் கடைசியா உருகுமாம். காத்தே இல்லாத பெரிய உலைக்குள்ள சூடு ஏத்தறதுக்கு மாட்டற வலையாம். வெளிக்காத்துல காய்ச்சினா மஞ்சப்பொடியா பூத்துடுமாம். ஓசூர்ல ஒரு கம்பெனிக்கிப் போவ வேண்டியது."

ரஞ்சிதம் கூண்டின் முன்னால் போய்க் கைகட்டி நின்றாள். "கடைசியா உருகுதோ, மொதல்ல உருகுதோ. சிமெண்டுல பொதச்சாச்சி. முடிஞ்சா கழட்டிக்கினு போவச் சொல்லு."

"கழட்டறது இருக்கட்டும்டா" என்றார் ஆதிமூலம். "நாங்க கேட்ட கோழி வலை எங்க?"

ஆனந்தராஜ் தலையைச் சொறிந்தான்.

"அத்த ஓசூர்காரங்க உலையில மாட்டி சுவிட்ச் போட்டுட்டாங்கண்ணே. தொறந்து பார்த்தா உள்ள வலையே இல்லியாம். திருடினவன் யாருன்னு வாட்ச்மேன புடிச்சி வெச்சி விசாரணை நடக்குது!"