நாலு பத்து டிராம்

கிராட்ஸ், நவம்பர் 14

நகர டிராம் நிர்வாகத்தின் தலைவர், பெருமதிப்பிற்குரிய ஹோஃப்ராட், இன்ஜினியர், மாகிஸ்டர் லைட்னர் அவர்களின் சமுகத்திற்கு (பட்டம் ஏதும் விட்டுப்போயிருந்தால் பொறுத்தருளவும்), ஒளியியல் ஆய்வுக்கூட டெக்னீஷியன் எகான் ட்ராக்ஸ்லர் பணிவன்புடன் எழுதிக்கொள்வது.

தங்கள் டிராம்கள் எங்கள் கட்டடத்தை உரசாத குறையாக வளைகின்றன. நாங்களோ லேசர் ஒளியை வைத்துக் காதுக்கு எட்டாத ஒலியைப் பிடித்து, தோலுக்கடியில் ஓடும் ரத்தக் குழாயைப் பார்க்கிறவர்கள். ஒரு டிராம் போனால் மேசை நடுங்கி, குழாய் தெரியவேண்டிய இடத்தில் இரைச்சல்தான் தெரிகிறது. மேசைக்கடியில் ரப்பர் வைத்தேன், ஒளியை இரண்டாகப் பிரித்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தேன், ஆயிரம் தடவை அளந்து சராசரி எடுத்தேன், மற்ற இரைச்சலெல்லாம் அடங்கிற்று, டிராம் அடங்கவில்லை. பொறுக்கமாட்டாமல் செப்டம்பரில் நிறுத்தத்துக்கே போய், மாலை நாலு பத்துக்கு வரும் டிராமை ஓட்டும் அம்மாளிடம் முறையிட்டேன். "ஏங்க, டிராம் என்ன பூனையா, சத்தமில்லாம போறதுக்கு?" என்றார். விளக்கினேன். "காதுக்கே கேக்காத சத்தத்துக்காக நான் மெதுவா போகணுமாக்கும்? நல்லாயிருக்கே உங்க நியாயம்" என்று கதவைச் சாத்திவிட்டார். மறுநாள் நாலு பத்துக்குத் திரையில் கோடு அசையவே இல்லை. எட்டிப் பார்த்தால் டிராம் நத்தை மாதிரி வளைகிறது, உள்ளேயிருந்து ரோஸ்விதா (சட்டையில் பேர் குத்தியிருந்தது) கையை ஆட்டுகிறார். அன்றிலிருந்து முக்கியமான அளவெல்லாம் நாலு பத்துக்குத்தான் எடுத்தேன். "டிராம் வந்தா எல்லாரும் அளக்கிறத நிறுத்துவாங்க, நீ அப்பத்தான் ஆரம்பிக்கிற. உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் பிரைனிங்கே கேட்டுவிட்டார்.

மூன்று வாரமாக அந்த டிராமை வேறு யாரோ தடதடவென்று ஓட்டிக்கொண்டு போகிறார். கோடு துள்ளுகிறது. அந்த அம்மாளுக்கென்று நான் வாங்கிவைத்த கிராப்ஃபன், அந்த ஜாம் வைத்துப் பொரித்த பன், மேசையிலேயே காய்ந்து கல்லாகிவிட்டது. ஆகவே தண்டவாளத்தை இங்கிருந்து பெயர்த்து அடுத்த தெருவில் போடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் இல்லத்தாருக்கும் அலுவலகத்தாருக்கும் தங்கள் பிரேக்குகளுக்கும் ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
எகான் ட்ராக்ஸ்லர்

பின்குறிப்பு: தண்டவாளத்தை எடுத்துத் தொலைக்காதீர்கள். மேலே எழுதியதைக் கிழித்துப் போடுங்கள். ரோஸ்விதாவை எந்தத் தடத்துக்கு மாற்றினீர்கள் என்று மட்டும் ஒரு வரி எழுதினால் போதும். பதினைந்து வேலைநாளும் நாலு பத்துக்கு ஜன்னலில் நின்று பார்த்துவிட்டேன், அவரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, எந்தச் சராசரியிலும் இது அடங்கமாட்டேன் என்கிறது. தெருப் பேர் தெரிந்தால், ஆய்வுக்கூடத்தை அங்கே மாற்றுவது பற்றி டாக்டரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.