பரண்மேல் இருந்த சிவப்புப் பை

செல்வபுரம், கோயமுத்தூர்
திங்கட்கிழமை, மத்தியானம்

அந்தியூரில் வாழும் மதிப்புக்குரிய சம்பந்தி சாமுவேல் அவர்களுக்கு, செல்வபுரத்திலிருந்து அங்கப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் சம்பந்தியம்மாள் பழனியாத்தாளும் நலம். அங்கே நீங்களும், மருமகன் ஆல்வினும், என் மகள் மதிவதனியும், பேத்தி இனியாவும் நலமாயிருக்க உங்கள் ஆண்டவரையும் எங்கள் மாகாளியம்மனையும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன். இங்கே நலம் என்று எழுதினேனே, அதைப் போன வாரம் வரைக்கும் உள்ள நிலவரமாக எடுத்துக்கொள்ளவும்.

போன் இருக்கும்போது இந்த மனுசன் எதற்குக் காகிதத்தோடு மல்லுக்கட்டுகிறான் என்று நினைப்பீர்கள். எனக்குக் காது மந்தம் என்று வீட்டில் ஒரு புரளி உண்டு. அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவது. நீங்கள் "சௌக்கியமா" என்று கேட்டால் அடுத்த வீட்டு ஜன்னத் அம்மா "சௌக்கியமுங்க" என்று பதில் சொல்லும் அளவுக்குச் சத்தம். நான் எழுதப்போவதோ உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிய வேண்டிய சங்கதி. ஒருவேளை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சங்கதியாகவும் இருக்கலாம். சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், கேட்டு வைக்கிறேன், அவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை எலிப்பொறி எடுக்கப் பரண்மேல் கையை விட்டேன். எலிப்பொறிக்குப் பதிலாக ஒரு பை கையில் பட்டது. மகள் காலேஜுக்குக் கொண்டுபோன பழைய சிவப்புப் பைதான், ஆனால் உள்ளே சாமான் நிறைந்து கும்மென்று இருந்தது. நான் முப்பத்தொரு வருசம் கோயமுத்தூர்–பொள்ளாச்சி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பையைப் பார்த்தால் அது கல்யாணத்துக்குப் போகிறதா, ஆஸ்பத்திரிக்குப் போகிறதா, கோவித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறதா என்று டிக்கெட் கிழிப்பதற்குள் சொல்லிவிடுவேன். திறந்து பார்த்தேன். ஆதார், ரேஷன் கார்டு நகல்கள் ஒரு பிளாஸ்டிக் கவரில், கவரின் வாய் மெழுகுவத்தியால் ஒட்டப்பட்டு. சேலை இரண்டு. டார்ச் லைட். தீப்பெட்டி. பொரிகடலை, கடலை மிட்டாய். பேர் வாயில் நுழையாத ஒரு மாத்திரை அட்டை. பத்தடி நைலான் கயிறு. டம்ளர் ஒன்று, ஒரே ஒன்று. அடியில் துணியில் சுற்றி, விசில். கல்யாணத்துக்கு யாரும் கயிறு கொண்டுபோக மாட்டார்கள், ஆஸ்பத்திரிக்கு யாரும் விசில் கொண்டுபோக மாட்டார்கள். இது திரும்பி வருகிற பை இல்லை, சம்பந்தி. ஒரு டிக்கெட்டுக்குக் கட்டிய பை. அதிலும் அந்த விசில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த வீட்டில் விசில் என்றால் அது நான்தானே?

கயிற்றைப் பற்றித்தான் ரொம்ப யோசித்தேன். மாட்டுச் சந்தை நாளில் என் பஸ்ஸில் வெறுங்கயிற்றோடு ஏறுகிறவர்கள் எத்தனையோ பேர். பழனியாத்தாள் மாடு வாங்கப் போகிறவள் இல்லை, பசு எதிரே வந்தாலே அடுத்த வீதிக்குள் புகுந்துவிடுவாள். அப்புறம்தான் ஆடி மாதம் உங்கள் ஊரில் பெரிய மாட்டுச் சந்தை, குதிரைச் சந்தை கூடுவது ஞாபகம் வந்தது. அந்தியூர் என்றால் மதிவதனி, மதிவதனி என்றால் உங்கள் வீடு. போன மாசம் நீங்கள் வந்திருந்தபோது, "மேல் ரூம் சும்மாதான் கெடக்குதுங்க" என்று பழனியாத்தாளிடம் சொன்னதை நான் சும்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். காது மந்தம் என்பது புரளி என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.

நேராகக் கேட்டால் அழுதுவிடுவாளோ என்று பயம், அழாமல் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று அதைவிடப் பயம். சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"ஏம்புள்ள, ஊருக்குக் கீருக்குப் போறயா?"

"எங்கீங்க போறது? உங்கள உட்டுப்போட்டு ஒரு நாள் நிம்மதியா அக்கட்டால போக முடியுதா?" என்றாள்.

இதில் ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை, கவனித்தீர்களா? பையின் ஜிப்பில் ஒரு நூலைக் கட்டி வைத்தேன். மறுநாள் பார்த்தால் நூல் அப்படியே இருந்தது, ஆனால் நான் போட்ட முடிச்சு இல்லை, அழகான பூ முடிச்சு. நூல் தானாக இறுகியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சோதனைக்காகக் கடலை மிட்டாய் இரண்டைத் தின்று பார்த்தேன், புதுச் சரக்குதான். எட்டு நாளைக்கு முன் ஞாயிற்றுக்கிழமையும் மகளிர் குழு கூட்டம் என்று போனவள், ஐந்து லிட்டர் கேன் ஒன்றைத் துண்டால் மூடித் தூக்கி வந்தாள். என்ன என்றேன், "ஒண்ணுமில்லீங்க" என்றாள். மகளுக்கு எண்ணெய் ஆட்டிச் சேர்க்கிறாள் என்று கணக்குப் போட்டேன்.

அதனால் நேற்று ஞாயிற்றுக்கிழமை அவள் புறப்பட்டதும் பின்னாலேயே நானும் புறப்பட்டேன். வெளியே எங்கே போனாலும் நான் வீட்டுத் தண்ணீர்தான் குடிப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். சிறுவாணி குடித்து வளர்ந்த நாக்கு, வேறு தண்ணீர் தொண்டையில் இறங்காது. போன ஐப்பசி மழையில் எங்கள் வீதிக்குள் இடுப்பளவு வெள்ளம் வந்து, எல்லோரையும் மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்களே, அங்கே டிரம்மில் வைத்த தண்ணீரை ஒன்றரை நாள் நான் தொடவே இல்லை. இரண்டாம் நாள் மயங்கி விழுந்தது உண்மைதான், ஆனால் அது புழுக்கத்தால். பழனியாத்தாள்தான் தண்ணீர் குடிக்காததால் என்று இன்று வரைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆகவே நேற்றும் வீட்டுக் குடத்திலிருந்து ஒரு பாட்டில் பிடித்து இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டேன். ஒரு விசயம் சொல்ல வேண்டும், இந்த ஒரு வாரமாகத் தண்ணீருக்குத் தனி ருசி. மலையில் நல்ல மழை போலிருக்கிறது.

அவள் டவுன் பஸ்ஸில் முன் படியில் ஏற, நான் பின் படியில் ஏறினேன். பேரூர் தாண்டி ஓர் ஓடைக்கரையில் இறங்கினாள். உங்கள் ஊர்ப் பஸ் இல்லையே என்று ஒரு பக்கம் நிம்மதி, ஓடைக்கரையில் இவளுக்கு என்ன வேலை என்று மறுபக்கம் திகில். ஒரு கருவேலம் புதருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். இருபது பெண்கள். நடுவில் கோமளா என்ற ஒரு பெண், கழுத்தில் அடையாள அட்டை, கையில் மைக். வெள்ளம் வந்தால் எப்படித் தப்பிப்பது என்று வகுப்பு எடுக்கிறார்களாம். ஓடைத் தண்ணீரைப் பழைய சேலையை எட்டாக மடித்து வடிகட்டினார்கள், மணலும் கரியும் போட்ட வெட்டின பாட்டிலில் மறுபடி வடிகட்டினார்கள், மூன்று கல் கூட்டித் தளதளவென்று கொதிக்க வைத்தார்கள், விறகு கிடைக்காவிட்டால் ஒரு குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டுமாம். பேர் நுழையாத மாத்திரை அதுதான். என் பழனியாத்தாள் சேலை முந்தியைச் செருகிக்கொண்டு அடுப்பு ஊதுகிறாள், மற்றவர்களை அதட்டுகிறாள், சிரிக்கிறாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை வருசமாயிற்று என்று எனக்கே ஞாபகமில்லை. நான் இல்லாத இடத்தில் இவ்வளவு சந்தோசமாக இருக்கிறாளே என்று எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது, மறைக்காமல் எழுதுகிறேன்.

அப்போதுதான் அந்த அசம்பாவிதம். ஆபத்தில் மாட்டினால் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாமல் மூன்று முறை விசில் ஊத வேண்டும் என்று கோமளா சொல்ல, பழனியாத்தாள் எழுந்து, பரண் பையில் நான் பார்த்த அதே விசிலைச் சேலை மடிப்பிலிருந்து எடுத்து ஊதினாள். இரண்டு ஊதி, மூன்றாவதுக்கு மூச்சு இழுப்பதற்குள், முப்பத்தொரு வருசப் பழக்கம், சம்பந்தி, நான் என்ன செய்வேன், புதருக்குள்ளிருந்து என்னையறியாமல் "போலாம் ரைட்!" என்று கத்திவிட்டேன்.

இருபது பெண்களும் திரும்பினார்கள். ஒருத்தி கல்லையே எடுத்துவிட்டாள்.

"அது என்ற ஊட்டுக்காரருங்க, அடிச்சுப்போடாதீங்க" என்றாள் பழனியாத்தாள், கொஞ்சமும் அதிர்ச்சி இல்லாமல். "ஏனுங்க, முள்ளுக்குள்ள உக்காந்துட்டு என்ன பண்றீங்க? இங்கால வாங்க."

வேட்டியில் முள், முகத்தில் அசடு, அப்படியே போய் நின்றேன். வந்தது வந்துவிட்டீர்கள், எங்கள் தண்ணீரைக் குடித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கோமளா ஒரு டம்ளரை நீட்டினாள். எருமை குளிக்கிற ஓடை! எல்லோரும் அடுப்பை அணைக்கத் திரும்பின சமயம் பார்த்து டம்ளரைப் புதரில் கவிழ்த்துவிட்டு, என் பாட்டிலிலிருந்து ஊற்றிக் குடித்து, "அருமையா இருக்குதுங்க, சிறுவாணி மாதிரியே இருக்குது" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். பழனியாத்தாள் மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

வெள்ளத்துக்குக் கட்டின பை என்று தெரிந்த பிறகும் இந்த மனுசனுக்கு என்ன சந்தேகம் என்று கேட்பீர்கள். சேலை இரண்டு இருக்கிறதே, வேட்டி எங்கே? டம்ளர் ஏன் ஒன்று? பையைப் பரண்மேல் ஏன் ஒளிக்க வேண்டும்? தண்ணீர் ஏறி வந்தால் இவள் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் மேல் ரூமுக்கு வந்துவிடுவாள், நான் இங்கே முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருப்பேன், அதானே திட்டம்? எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது, சம்பந்தி. பென்ஷன் வாங்கிய நாளிலிருந்து அவளைக் குறை சொல்வதைத் தவிர நான் வேறு வேலை பார்த்ததும் இல்லை. அவள் கிளம்பினால் அது நியாயம்தான் என்று எனக்கே தோன்றுகிறது, அதனால்தான் தூக்கம் வரவில்லை. அவள் அங்கே வருவதாக இருந்தால் முன்கூட்டியே எனக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். நான் மாறிவிடுவேன் என்று நீங்களாகச் சொல்வதுபோல அவளிடம் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

மருமகனுக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். பேத்தி இனியாவுக்கு ஆயிரம் முத்தங்கள், அவள் நன்றாகப் படித்து ஊர் மெச்ச இருக்கட்டும். தங்களுக்கு முழங்கால் வலி தேவலையா?

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
அங்கப்பன்

பி.கு.: மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். கவரை ஒட்டப் பசை தேடிக் கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். அங்கே என் பழைய கண்டக்டர் தோல்பை. திறந்தால் இரண்டு வேட்டி, பிரஷர் மாத்திரை பதினைந்து நாளைக்கு, பழைய மூக்குக் கண்ணாடி, ஒரு டம்ளர். வாயைப் பிளந்துகொண்டு நான் நிற்க, பின்னால் பழனியாத்தாள், கையில் இந்தக் கடிதம். நின்ற வாக்கில் முழுசாகப் படித்துவிட்டாள். உங்கள் பின்கோடு தப்பு என்று அதையும் திருத்தினாள்.

"ஒளிச்சு வெக்காட்டி கடலை மிட்டாய் மிஞ்சுமாங்க?" என்றாள். "அப்பறம் அந்தக் கேன்ல எண்ணெ இல்லீங்க, ஓடைத் தண்ணி. வடிகட்டிக் காச்சி ஒரு வாரமா உங்களுக்கு அதத்தான் குடுக்கறேன். மண்டபத்துல நீங்க உளுந்து கெடந்தத நான் இன்னொருக்கா பாக்க மாட்டேனுங்க. குடிப்பீங்களான்னு பாத்தேன், குடிச்சுப்போட்டு ருசின்னு வேற சொல்றீங்க."

ஆக, ஓடைத் தண்ணீருக்குப் பயந்து ஓடைத் தண்ணீரையே இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடைக்குப் போயிருக்கிறேன். அந்த வெட்கத்தில் ஒரு கேள்விதான் கேட்க முடிந்தது. எல்லாம் சரி, எனக்கு ஒரு விசில் வைக்காமல் உன் பையில் மட்டும் ஏன் வைத்தாய்?

"உங்களுக்கு எதுக்குங்க? நாந்தான கூப்புடோணும்" என்றாள். "பேரு சொல்லிக் கத்துனா உங்க காதுல உளுகாது. ரெண்டு விசில் ஊதுனா எந்த முள்ளுக்குள்ள இருந்தாலும் ரைட்டுனு எந்திரிச்சு வந்துருவீங்க."