நாலு குழாயிலும் கேட்ட முணுமுணுப்பு

மதுரையைச் சுற்றி நாற்பது மைலுக்குள் செய்யப்பட்ட பிரசங்கங்களில் ஹலோ அண்ணன் காதில் விழாத பிரசங்கம் என்று ஒன்று இருந்தால், அது மைக் இல்லாமல் செய்யப்பட்டதாகத்தான் இருக்கும்.

கோரிப்பாளையத்தில் மைக்செட் கடை வைத்திருந்தார். மாதா கோயில் திருவிழா, நற்செய்திக் கூட்டம், கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் அவர்தான். சொந்தப் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. மற்ற மைக்செட்காரர்கள் மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்று கடமைக்குச் சொல்வார்கள். இவர் "ஹலோ..." என்று இழுத்துச் சொல்லிவிட்டு, ஆகாயத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் காத்திருப்பார். மேலேயிருந்து யாரோ "சொல்லுப்பா" என்று பதில் கொடுக்கப் போவதைப் போல.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலையில் இருந்தேன். அவர் கடைக்கு மேல்மாடியில்தான் என் அறை. நான் கிறிஸ்தவன் இல்லை. அப்போது எனக்கு விசுவாசம் என்று ஏதாவது இருந்தது என்றால், அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தின் மேல்தான். இருந்தாலும் அவர் கூப்பிட்டால் வண்டியில் ஏறிவிடுவேன். போகிற இடமெல்லாம் மரநிழல் இருக்கும், சாப்பாடு இருக்கும், தாலாட்டுக்குப் பிரசங்கமும் இருக்கும்.

நான் தூங்குவேன். அவர் கேட்பார். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார் என்றால் வெளியுலகம் அணைந்துவிடும். அதிலும் இயேசு சொன்ன உவமைக் கதைகள் என்றால் உயிர். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் பரவாயில்லை, கேட்ட கதையை மறுவாரமே தன் வயரில் கோத்துப் பார்ப்பார்.

விதைக்கிறவன் கதை தெரிந்திருக்கும். அவன் தூவிய விதையில் கொஞ்சம் வழியிலும், கொஞ்சம் பாறையிலும், கொஞ்சம் முள்ளிலும், மிச்சம் நல்ல நிலத்திலும் விழுந்தது. அதைக் கேட்ட மறுவாரம் ஒரு கூட்டத்துக்கு நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டினார். ஒன்று பஸ் போகிற ரோட்டைப் பார்த்து. ஒன்று கல்லுடைக்கிற பள்ளத்தைப் பார்த்து. ஒன்று கருவேலங்காட்டைப் பார்த்து. போனால் போகிறதென்று ஒன்று மட்டும் ஜனங்களைப் பார்த்து.

கமிட்டிச் செயலாளர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "என்னய்யா இது? ஜனம் இங்கிட்டு இருக்கு, கொழா கருவக்காட்டப் பாத்துக் கத்துது!"

"வெதைக்கிறவரு எடம் பாத்தா வெதச்சாரு? நீங்களும் நானும் யாருங்கய்யா எடம் பாக்க?"

மூன்றாம் நாள் சாயங்காலம், கருவேலங்காட்டுக்குள்ளிருந்து ஆடு மேய்க்கிற இரண்டு பேர் வந்து கடைசி வரிசையில் கூச்சத்தோடு உட்கார்ந்தார்கள். ஹலோ அண்ணன் செயலாளரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். கோரிப்பாளையம் வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டே வந்தார்.

ஆரப்பாளையத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையில் ஒரு பெரியவர் செத்துப்போன மைக்கில் பத்து நிமிஷமாக வாழ்த்திக்கொண்டிருக்கிறார், ஹலோ அண்ணனைக் காணோம். தேடிப் போனால் வாசலில் ஏணிமேல் நின்று, அணைந்துபோன சீரியல் லைட் சரத்தில் ஒவ்வொரு பல்பாகத் திருகிக்கொண்டிருக்கிறார்.

"அண்ணே, உள்ள அம்புட்டுப் பேரும் கத்துறாங்க!"

"கத்தட்டும். தொண்ணூத்தொம்பது ஆட்ட விட்டுட்டு, காணாமப்போன ஒண்ணத் தேடி மேய்ப்பரு போனாரேன்னு எல்லாரும் அதிசயப்படுறாங்க. இந்தச் சரத்துல ஒரு பல்பு போச்சுன்னா மொத்தமும் இருட்டுதான். அந்த ஒண்ணு இல்லாம மத்ததெல்லாம் எங்கய்யா எரியும்?"

சொல்லி முடிக்கவும் சரம் எரியவும் சரியாக இருந்தது. அந்த உவமைக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் இதுவரை அச்சில் பார்க்கவில்லை. மெய்ப்புப் பார்ப்பவன் சொல்கிறேன், நம்பலாம்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு கதை மட்டும் ஆகாது. கெட்ட குமாரன் கதை. இளைய மகன் சொத்தில் தன் பங்கை வாங்கிக்கொண்டு ஓடுகிறான், தின்று தீர்க்கிறான், பட்டினியோடு திரும்பி வருகிறான். அப்பா ஓடிப் போய்க் கட்டிக்கொண்டு விருந்து வைக்கிறார். வயலில் வேலை பார்த்துவிட்டு வந்த மூத்தவன், கோபத்தில் உள்ளே போகாமல் வாசலிலேயே நிற்கிறான். அப்பா வெளியே வந்து வருந்திக் கூப்பிடுகிறார். அவ்வளவுதான், கதை முடிந்துவிடுகிறது.

பல போதகர்கள் விருந்தோடு நிறுத்திவிடுவார்கள். மூத்தவனைச் சொல்லாமல் விட்டால் ஹலோ அண்ணன் ஒலியைக் குறைத்துவிடுவார். போதகர் மைக்கைத் தட்டுவார், ஊதுவார், கெஞ்சலாகத் திரும்பிப் பார்ப்பார். "வோல்டேஜ் லோ ஐயா" என்று இவர் கையை விரிப்பார். மூத்தவனைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், வோல்டேஜ் ஏறிவிடும்.

பார்க்கிறவரிடமெல்லாம் ஒரே கேள்விதான். "கடைசியில அண்ணங்காரன் உள்ள போனானா, இல்லையா?" டீக்கடை பாயிடம் தினமும் கேட்பார்.

"வாப்பா கூப்பிட்டா போய்த்தானே ஆகணும்?" என்பார் அவர்.

"அவன் மனசு எம்புட்டு வெந்திருக்கும்னு ஒமக்கு என்ன தெரியும்?" என்று ஹலோ அண்ணன் பாதி டீயை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

விஷயத்தை பாய்தான் எனக்குச் சொன்னார். ஹலோ அண்ணனுக்கு ஒரு தம்பி. பதினேழு வருஷத்துக்கு முன்னால் கடையிலிருந்த புது ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறியவன். அப்பா படுக்கையில் விழுந்தபோதும் வரவில்லை. இவர்தான் கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல் கடைசிவரை பார்த்துக்கொண்டார். இப்போது அந்தத் தம்பி பெண்டாட்டி பிள்ளையோடு திரும்பி வந்து, வண்டியூரில் வீடு பிடித்து, ஒரு ஓட்டலில் சமையல் வேலை பார்க்கிறான். மூன்று முறை கடைக்கு வந்தானாம். மூன்று முறையும் இவர் ஷட்டரை இறக்கிவிட்டார்.

அந்த வருஷம் வண்டியூர்ப் பக்கம் ஒரு சின்னச் சபையில் அசனம். சபையார் எல்லாரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுகிற விருந்துக்கு அதுதான் பெயர். சமையல் யாரென்று தெரியாமல் ஹலோ அண்ணன் வேலையை ஒத்துக்கொண்டுவிட்டார். போய் இறங்கினால், அடுப்படியில் தம்பி. இவர் ஆம்ப்ளிஃபயரைப் பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.

பந்தலுக்குள் பிரசங்கம் ஆரம்பித்தது. கெட்ட குமாரன்! தெப்பக்குளத்தில் அந்த வருஷம் தண்ணீர் கிடந்தது. அதைத் தொட்டு வந்த காற்றில் வேப்பம்பூ மெதுவாக உதிர்ந்துகொண்டிருந்தது, கறி வாசம் மிதந்து வந்தது. நான் பாதித் தூக்கத்துக்குப் போய்விட்டேன். இடையில் ஹலோ அண்ணன் தன் கைமைக்கில், தண்ணீர் லாரிக்கு வழிவிடும்படி அறிவித்தது மட்டும் கேட்டது. அறிவித்தவர் அந்த மைக்கை அணைக்கவில்லை. இருபது வருஷத் தொழிலில் செய்யாத தப்பு.

கனவில் வேப்பமரம் பேசியது. மரம், குளம், ஆகாயம் எல்லாம் சேர்ந்து ஒரே குரலில் முணுமுணுத்தன.

"...அந்த மூத்தவனுக்கு என்னய்யா கொறச்சல். அப்பன் உசுரோட இருந்தான், வெளிய வந்து கெஞ்சுனான். எனக்கு யாரு வரப்போறா? ராவும் பகலும் பீ மூத்திரம் அள்ளுனேன். சாகுறப்ப எங்கையப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பய பேரத்தான சொன்னாரு. ஒருதரம், ஒரே ஒருதரம் எம் பேரச் சொல்லியிருக்கக் கூடாதா..."

விழித்துப் பார்த்தேன். நாலு குழாயிலும் அது கேட்டுக்கொண்டிருந்தது. ஹலோ அண்ணன் கண்ணை மூடியிருந்தார், கன்னமெல்லாம் ஈரம். போதகர் என்ன நினைத்தாரோ, பேச்சை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பந்தலுக்குள்ளிருந்து தம்பி வந்தான். கையில் கறிவாளி, அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை அவனுக்கு.

"அண்ணே."

இவர் கண்ணைத் திறந்தார்.

"ஒம் பேர அப்பா ஏண்ணே சொல்லணும்? ஒங்கையத்தான பிடிச்சிருந்தாரு. நான் அங்க இல்ல, அதான் கூப்பிட்டாரு. பக்கத்துல இருக்கவன யாராச்சும் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்களா?"

இதுவும் நாலு குழாயிலும் கேட்டது. ஹலோ அண்ணன் ரொம்ப நேரம் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்பிள்ளை மூக்கை உறிஞ்சுகிற சத்தம் பந்தலிலிருந்து வந்தது.

"உள்ள வாண்ணே. இன்னும் பந்தி ஆரம்பிக்கல."

"ஆம்ப்ளிஃபயர யாரு பாக்குறது?"

"நான் பாத்துக்கிறேன்ணே."

"நீயா? ஒருதரம் நீ பாத்தது போதாதா!"

பந்தல் முழுக்கச் சிரித்தது. அப்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. கைமைக்கைப் பார்த்தார், குழாய்களைப் பார்த்தார், நாக்கைக் கடித்துக்கொண்டு குமிழைத் திருகினார். பிறகு என்னிடம், "நீ பாருய்யா. எதையும் தொட்டுறாத" என்று சொல்லிவிட்டு எழுந்தார். தம்பி முன்னால் போக, இவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, புது மாப்பிள்ளை போலத் தலையைக் குனிந்தபடி பந்தலுக்குள் நுழைந்தார்.

நான் ஆம்ப்ளிஃபயரோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் இல்லை, எனக்கு வெளியே உட்கார்ந்து பழக்கம்தான். முதல் பந்தி பாதி நடந்திருக்கும். எச்சில் கையோடு ஹலோ அண்ணன் வெளியே ஓடி வந்தார்.

"நீ எதுக்குய்யா வெளிய ஒக்காந்திருக்க? உள்ள வா."

"ஆம்ப்ளிஃபயர்..."

"அது கெடக்குது போ" என்று இடது கையால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தனக்கும் தம்பிக்கும் நடுவில் உட்கார வைத்தார். அப்பா, அண்ணன் என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போக எனக்கு யாரும் இருந்ததில்லை. இலையில் சோறு விழுந்த பிறகும் அவர் பிடியை விடவில்லை. நானும் விடுங்கள் என்று சொல்லவில்லை.