கூறைச் சேலையும் எரிமலையும்

ஜோகூர் மாநிலம் முழுக்கத் தேடினாலும், ஒரு சேலையை விற்பதற்கு மூவாயிரத்து ஐந்நூறு வருஷம் பின்னால் போய்த் தொடங்குகிற ஆளை நீங்கள் பார்க்க முடியாது. நான் பார்த்திருக்கிறேன். அவர் பக்கத்தில் நின்று சேலை மடித்திருக்கிறேன். அவர் பெயர் கப்பல்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். ஆனால் சம்பளம் கொடுக்கும்போது முதலாளியே “கப்பலண்ணே, இந்தாங்க” என்றுதான் கொடுப்பார். தங்காக்கில் துணிக்கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் எங்கள் கடை. ஒரு பக்கம் மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங் துணி, மறுபக்கம் சேலை. நான் பள்ளியில் படிவம் ஐந்து முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்தவள். பிரித்துப் போட்ட சேலைகளை மடிப்பது என் வேலை, வாடிக்கையாளரிடம் பேசுவது கப்பலின் வேலை. இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பஸ்ஸில் நான் இறங்கும் இடம் வந்தால், வேறு யாராவது மணியடிப்பார்களா என்று பார்ப்பேன். அடிக்காவிட்டால் அடுத்த நிறுத்தம் வரைக்கும் போய் நடந்து வருவேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

வாலிபத்தில் கப்பல், பாசிர் கூடாங் துறைமுகத்திலிருந்து கிளம்பிய ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரராகப் போனார். கிரீட் தீவுக்குப் பக்கத்தில் இயந்திரம் பழுது. சாமான் வந்து சேரும்வரை கப்பல் அந்தத் தீவின் துறைமுகத்திலேயே கிடந்தது. மற்றவர்கள் கரையில் எங்கே போனார்கள் என்று கேட்டால், “அதெல்லாம் தங்கச்சிங்ககிட்ட சொல்றதில்ல” என்பார். இவர் மட்டும் தினமும் அருங்காட்சியகத்துக்குப் போனார். அறிவுத் தாகமெல்லாம் கிடையாது. வெளியே வெயில், உள்ளே ஏர்கோன். வாசலில் நின்ற காவல்காரருக்கு ஒரு டப்பா நெத்திலி சம்பல் கொடுத்தார். அதற்குப் பிறகு அவரிடம் யாரும் டிக்கெட் கேட்கவில்லை.

இரண்டு பேருக்கும் தெரிந்த இங்கிலீஷைச் சேர்த்தால் ஒரு ஆளுக்குக் காணாது. அதை வைத்துக்கொண்டே அந்தக் காவல்காரர், பழங்காலத்தில் அந்தத் தீவில் வாழ்ந்த மினோவர்கள் என்ற மக்களின் கதையை முழுக்கச் சொல்லிவிட்டார். கப்பல் பழுது பார்க்கப்பட்டு ஊர் திரும்பியது. எங்கள் கப்பல் மட்டும் முழுசாகத் திரும்பி வரவில்லை.

அவர் கதைக்கு மூன்று பாகம். சேலையைப் பிரிக்கும்போது கலாச்சாரம். பேரம் பேசும்போது வியாபாரம். மடித்துப் பையில் போடும்போது அழிவு.

“அக்கா, அந்தத் தீவுல அரண்மனைங்களுக்கு மதில் சுவரே கெடையாது, தெரியுமா?”

“அப்ப திருடன் வரமாட்டானா?”

“எப்படி வருவான்? சுத்தி கடல் பூரா அவங்க கப்பல்தான். சுவத்துல வாள், கத்தி எதுவும் வரையல. டால்பின் வரைஞ்சு வெச்சிருந்தாங்க. இதே நீலம்தான், பாருங்க.”

சொல்லி முடிக்கும்போது நீலச் சேலை அந்த அக்காவின் மடியில் விரிந்து கிடக்கும்.

“அந்தப் பொம்பளைங்க பாவாடையப் பாக்கணுமே. அடுக்கடுக்கா, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு கலரு.”

“மேல என்ன போடுவாங்க?” என்று ஒருமுறை ஒருவர் கேட்டார். கப்பல் சட்டென்று அடுத்த சேலையைப் பிரித்தார். அந்தக் கேள்விக்கு மட்டும் அவர் என்றைக்கும் பதில் சொன்னதில்லை. பல வருஷம் கழித்துப் போனில் அந்தப் படங்களைப் பார்த்தபோதுதான் எனக்குக் காரணம் புரிந்தது.

மினோவ இளைஞர்கள் ஓடி வரும் காளையின் கொம்பைப் பிடித்து அதன் முதுகுக்கு மேலே குட்டிக்கரணம் போட்டுத் தாண்டுவார்களாம். இதை ஒருநாள் செய்தே காட்டினார். முக்காலியின் மேல் ஒரு துணிக்கட்டைக் காளையாக நிறுத்தி, கல்லாப் பக்கமிருந்து ஓடி வந்தார். காளை அசையவில்லை. கப்பல்தான் பறந்து போய் பாஜு கூரோங் பக்கம் விழுந்தார். அங்கே துணி பார்த்துக்கொண்டிருந்த மலாய்க்கார மக்சிக் ஒருவர், “அலமாக்” என்று நெஞ்சில் கை வைத்து, பாவம் பார்த்து இரண்டு பீஸ் கூடுதலாக வாங்கிப் போனார். அதற்குப் பிறகு முதலாளி காளைக்குத் தடை போடவில்லை. கப்பலின் இடுப்புதான் போட்டது.

பேரம் வந்தால் எகிப்து வந்துவிடும்.

“எகிப்து ராஜாவுக்கே இவங்கதான் துணி அனுப்புனாங்க, எண்ணெய் அனுப்புனாங்க. அங்க கல்லறைச் சுவத்துல, இவங்க ஜாடி தூக்கிட்டு வர்ற மாதிரி படம் போட்டு வெச்சிருக்காங்க. டிஸ்கவுன்ட் கேட்டவன் அப்படிப் படம் போடுவானாக்கா?”

“அவன்கிட்ட பிரமிடு இருக்கு லா. எங்கிட்ட என்னா இருக்கு? பத்து வெள்ளி கொறைங்க.”

மினோவர்களின் பழைய எழுத்தை இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லையாம். உலகத்துப் பேராசிரியர்கள் எல்லாம் மண்டையை உடைத்துக்கொள்கிறார்களாம். கப்பலுக்கு அதில் குழப்பமே இல்லை. எங்கள் கடையில் ஒவ்வொரு சேலையின் அட்டையிலும் மூலையில் நாலு எழுத்து இருக்கும். அது வாங்கின விலை. முதலாளியைத் தவிர வேறு யாருக்கும் புரியாது.

“அதேதான் இதுவும். எல்லாம் வெலக் குறி. மொதலாளிக்கு மட்டும்தான் தெரியும். அந்த மொதலாளி போய்ச் சேந்துட்டாரு,” என்பார்.

இதுவரைக்கும் எல்லாருக்கும் சந்தோஷம். மூன்றாம் பாகத்தில்தான் வந்தது வினை. சேலையை மடிக்கத் தொடங்கியதும் கப்பலின் முகம் இருண்டுவிடும். குரல் இறங்கிவிடும். நேற்றுதான் நடந்தது போலவும், செத்தவர்கள் அவர் சொந்தக்காரர்கள் போலவும் சொல்லுவார்.

ரெங்கத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் கூறைச் சேலை எடுக்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு சிவப்புச் சேலை பிடித்துவிட்டது. விலையும் படிந்துவிட்டது. கப்பல் மடிக்கத் தொடங்கினார்.

“பக்கத்துத் தீவுல எரிமலை வெடிச்சுச்சுக்கா. வானம் பூரா சாம்பல். கடலு எந்திரிச்சு வந்து எல்லாக் கப்பலையும் வாரிக்கிட்டுப் போச்சு. அப்புறம் அக்கரையிலேருந்து ஆளுங்க வந்தாங்க. அரண்மனை ஒவ்வொண்ணா எரிஞ்சுச்சு. அவ்ளோதான். எல்லாம் போச்சு.”

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். கையில் இருந்தது கூறைச் சேலையின் முந்தானை.

“நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல என்னய்யா இது?” என்று அந்த அம்மா எழுந்தார். அவர் எழுந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்தது. எதிர்க்கடைக்குள் அவர்கள் நுழைவதை நாங்கள் மூன்று பேரும் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

முதலாளி தமிழ் முஸ்லிம். அப்பா காலத்துக் கடை. கத்திப் பேசத் தெரியாத மனிதர்.

“நான் சகுனம் பாக்கறவன் இல்ல கப்பலண்ணே. ஆனா எங்கிட்ட கூறைச் சேல வாங்க வர்றவங்க எல்லாரும் பாக்கறாங்க. கலாச்சாரம் சொல்லுங்க. வியாபாரம் தாராளமா சொல்லுங்க. அழிவு மட்டும் வேணாம். இன்னொரு தடவ என் கடையில எரிமல வெடிச்சா, அன்னிக்கே மேல் ரூம் சாவியக் குடுத்துட்டுக் கெளம்பிருங்க.”

கடைக்கு மேலே இருந்த அறையில்தான் கப்பல் குடியிருந்தார். கல்யாணம் இல்லை, உறவு என்று யாரும் வந்து நான் பார்த்ததில்லை. அறுபது தாண்டியவரை இன்னொரு கடை எடுக்காது. சாவி போனால் வேலையும் வீடும் சேர்ந்து போகும். கப்பல் தலையை ஆட்டினார். பாதிக் கதையோடு வாழக் கற்றுக்கொண்டார். எகிப்து வரைக்கும் வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொள்வார். பார்த்தால் விக்கல் நிறுத்துகிறவர் போல இருக்கும்.

ஆனால் அடக்கி வைத்தது எங்கேயாவது வெளியே வரத்தானே வேண்டும். தே தாரிக் குடிக்கும் நேரத்தில் கடையின் பின்வாசலுக்கு வருவார்.

“தங்கச்சி, வெடிக்கட்டுமா?”

“வெடிங்கண்ணே.”

சாம்பல், கடல், தீ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, முகம் தெளிந்து உள்ளே போவார். வருஷக்கணக்கில் அந்தத் தீவு என் எதிரில்தான் அழிந்தது. என்னிடம் சொல்லும்போது மட்டும் அவசரம் இல்லாததால், அழிவுக்குப் பிறகு நடந்தது உட்பட, வேறு யாருக்கும் சொல்லாத சின்னச் சின்ன விஷயங்களையும் சேர்த்துச் சொல்லுவார்.

கோவிட் வந்து போன பிறகு, கடைக்கு நேரில் வருகிற கூட்டம் குறைந்தது. எல்லாரும் போனிலேயே சேலை வாங்கப் பழகியிருந்தார்கள். முதலாளியும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் லைவ் போடத் தொடங்கினார். கப்பல் முன்னால் நின்று சேலை காட்டுவார். திரையில் வருகிற கேள்விகளை முதலாளி உரக்கப் படிப்பார். நான் போனைப் பிடிப்பேன். போனுக்குப் பின்னால் நிற்கிறவளை யாரும் பார்க்க முடியாது. இதைவிட நல்ல வேலை எனக்கு வாய்த்ததில்லை.

கப்பல் லைவில் பிரபலமாகிவிட்டார். சேலை வாங்காதவர்கள்கூட அரண்மனைக் கதை கேட்க வந்தார்கள். காஹாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா வாரம் தவறாமல் வருவார். ஒன்றும் வாங்க மாட்டார். கடைசியில் ஒரே கேள்வி கேட்பார்: அப்புறம் அந்தத் தீவு என்ன ஆச்சு? கப்பல் தண்ணீர் குடிப்பார். முதலாளி அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி திரையைப் பார்த்துப் படித்தார். “காஹாங் அக்கா எழுதியிருக்காங்க. மவளுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம். கூறைச் சேலையிலேருந்து சொந்தக்காரங்களுக்குக் குடுக்கறது வரைக்கும் மொத்தமும் உங்ககிட்டதான்.” குரலில் பெருநாள் வந்துவிட்டது. அதே வேகத்தில் அடுத்த வரியையும் படித்துவிட்டார். “ஆனா மொதல்ல அந்தத் தீவு என்னா ஆச்சுன்னு கப்பலண்ணன் சொல்லணும்.”

படித்த பிறகுதான் என்ன படித்தோம் என்று அவருக்குத் தெரிந்தது. சத்தம் வராமல் உதட்டை அசைத்தார். நல்லா இருக்காங்கன்னு சொல்லுங்க.

கப்பல் சொல்லவில்லை. அவருக்குப் பொய் வராது. முன்பு ஒருமுறை நானே கேட்டிருக்கிறேன், கடைசியை மாற்றிச் சொன்னால் என்ன என்று. “அந்தக் காவல்காரன் எனக்கு மாத்திச் சொல்லலையே தங்கச்சி” என்றார்.

கையில் இருந்த மெரூன் சேலையை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். திரையில் பார்க்கிறவர்களின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. உண்மையைச் சொன்னால் சாவி போகும். சொல்லாவிட்டால் கல்யாணமே எதிர்க்கடைக்குப் போகும், பழியும் இவர்மேல்தான் விழும்.

அப்போது யாரோ பேசுவது கேட்டது. பாதி வாக்கியம் போன பிறகுதான் அது நான் என்று எனக்கே தெரிந்தது.

“அக்கா, பக்கத்துத் தீவுல எரிமல வெடிச்சுச்சு. சாம்பலு வந்துச்சு, கடலும் வந்துச்சு. அதோட அவங்க முடிஞ்சு போயிடல. திரும்பக் கட்டுனாங்க. அதுக்கப்புறமும் ரொம்ப நாளு நல்லாத்தான் இருந்தாங்க. பொறவு அக்கரையிலேருந்து வேற ஆளுங்க வந்தாங்க. சண்ட, தீ எல்லாம் நடந்துச்சு, தீவும் அவங்க கைக்குப் போச்சு. ஆனா வந்தவங்களுக்கு எழுதத் தெரியாது. இவங்க எழுத்த வெச்சுத்தான் அவங்க பாஷைய எழுதக் கத்துக்கிட்டாங்க. ஜாடியில போடுற பூ, சுவத்துல போடுற படம் எல்லாமே இவங்ககிட்டேருந்து எடுத்துக்கிட்டதுதான். நம்ம வீட்டுப் பொண்ணு இன்னொரு வீட்டுக்குப் போற மாதிரிக்கா. பேரு மாறிப் போச்சு. கைப்பக்குவம் மாறல.”

அத்தனை நீளமாக நான் என் கல்யாணத்தில்கூடப் பேசியதில்லை. காது இரண்டும் சுட்டது. போனை வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விடலாமா என்று இருந்தது. திரையில் காஹாங் அக்காவின் வரி வந்தது. முதலாளி படித்தார்.

“எம்மவளுக்கும் இப்படி யாராச்சும் சொன்னா நல்லாருக்கும். வீட்ட விட்டுப் போகணுமேன்னு ரெண்டு நாளா அழுதுக்கிட்டு இருக்கா. அந்த மெரூன எடுத்து வைங்க. மத்தத நேர்ல வந்து பாக்கறோம்.”

லைவ் முடிந்தது. முதலாளி கல்லாவில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எரிமல வெடிச்சுச்சு,” என்றார்.

“வெடிச்சுச்சு மொதலாளி,” என்றார் கப்பல். அவர் கை சட்டைப்பையில் இருந்த சாவிக்குப் போனது.

“வெடிச்சது யாரு?”

கப்பல் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“சட்டப்படி பாத்தா தங்கச்சிதான் சாவியக் குடுக்கணும். அவங்ககிட்ட சாவி இல்ல. நான் என்னா பண்றது?” என்று சொல்லிவிட்டு முதலாளி தொழுகைக்குக் கிளம்பிப் போனார்.

கப்பல் என்னிடம் நன்றி எதுவும் சொல்லவில்லை. “சாம்பல இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கல்யாணத்துக்கு நாங்கள் மூவரும் காஹாங் போனோம். அந்தப் பெண் மெரூன் சேலையில் சிரித்துக்கொண்டே இருந்தாள். பந்தியில் பக்கத்து இலைக்காரருக்குக் கப்பல் எகிப்து வரைக்கும் சொல்லிவிட்டு, தண்ணீர் குடித்தார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லைவ் உண்டு. கலாச்சாரமும் வியாபாரமும் அவர் பொறுப்பு. அழிவு என் பொறுப்பு. நான் இன்னும் போனுக்குப் பின்னால்தான் நிற்கிறேன். என் குரலை மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். என் நேரம் வந்ததும் கப்பல் கையில் இருக்கிற சேலையைக் கீழே வைத்துவிடுவார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, அந்தத் தீவைப் பற்றி அன்றுதான் முதல்முறையாகக் கேள்விப்படுகிற ஆள் போல, “அப்புறம்?” என்பார்.