மோஸ்தாவின் இரண்டாவது கடிகாரம்

சேசு மரி சூசை துணை

திருமுல்லைவாயில்,
ஆகஸ்ட் 20

மால்டா தேசத்து மோஸ்தா நகரில் நர்ஸாகப் பணிபுரியும் அருமை மகள் ஆக்னஸுக்கு, அப்பா இருதயராஜ் ஆசீர்வதித்து எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சௌக்கியம். லிஃப்ட் மட்டும் சௌக்கியமில்லை. வாட்ஸ்அப்பில் எதை அனுப்பினாலும் நீ கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

பதினைந்தாம் தேதி நம் அடுக்ககத்தில் கொடியேற்றினார்கள். என்னை ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். இதே நாளில்தான் மோஸ்தாவில் மாதா திருவிழா, பேண்டு முழங்க சுரூபத்தைத் தோளில் தூக்கி வருவார்கள் என்று ஆரம்பித்தேன். போன வருஷம் உன்னோடு தங்கி நேரில் பார்த்தவனாயிற்றே, சும்மா விடுவேனா? 1942 யுத்தத்தில் கோயில் கூரையைப் பொத்துக்கொண்டு குண்டு விழுந்து, வெடிக்காமலே கிடந்த கதையையும் சொன்னேன். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவன் நான். வேலை செய்யாத சாமானுக்கு நாங்கள் மெமோ கொடுப்போம். என் மகள் ஊரிலோ வேலை செய்யாத குண்டுக்கு மாதிரி செய்து கோயிலில் வைத்திருக்கிறார்கள் என்றேன். ஐம்பதாவது நிமிடம், மிட்டாய்க்கு அழுத பிள்ளைகள் தவிர எல்லோரும் கைதட்டினார்கள்.

பெருமை பொங்கி, அன்றே லிஃப்ட் பக்கத்தில் இருந்த கடிகாரத்துக்கு ஜோடியாக இன்னொன்றை மாட்டிவிட்டேன். மால்டாக் கோயில்களில் இரண்டு கடிகாரம் உண்டல்லவா, பூசை நேரம் தெரியாமல் சாத்தான் குழம்பட்டும் என்று ஒன்று தப்பாக ஓடுமே, அந்த வழக்கப்படிதான். மறுநாளே வாட்ச்மேன் சின்னப்பையன் அதைப் பார்த்து ஆறு மணி மோட்டாரை ஒன்பதரைக்குப் போட்டான். மூன்று மாடிக்காரர்களும் சோப்பு நுரையோடு நின்றார்கள். நான் வழக்கத்தை விளக்கினேன். "சாத்தான் கொயம்புச்சோ இல்லியோ, நான் கொயம்பிக்கினு கீறேன் சார்" என்றான். அது போகட்டும். சனிக்கிழமை செயலாளர் ஜெகதீஷின் மகள் நிவேதிதாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பகல் பன்னிரண்டே முக்கால். மாப்பிள்ளையின் பெரியப்பா சுவரைப் பார்த்தார். ஒரு கடிகாரத்தில் ஒன்பதேகால், ராகு காலம். எதற்கு வம்பு, இரண்டிலும் நல்ல நேரம் வரட்டும் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அதில் ராகு காலம் முடிவதற்குள் இதில் எமகண்டம் பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்குத்தான் உள்ளே போனார்கள். பஜ்ஜி எல்லாம் தோலாகிவிட்டதாம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் என் கடிகாரத்தை இறக்கத் தீர்மானம் கொண்டுவருகிறார்கள். இது என் சொந்தப் பிரச்சினை அல்ல, மோஸ்தாவின் மானப் பிரச்சினை. உடனே கோயில் கடிகாரங்களைப் படம் பிடித்து, பங்குச் சாமியாரிடம் கையெழுத்தும் வாங்கி அனுப்பு. கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்காது என்றாய். பரவாயில்லை. நாங்கள் ஒன்றும் உன் நினைப்பாகவே உட்கார்ந்திருக்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. குளிருக்கு முன்பே ஸ்வெட்டர் எடுத்து வை. மாதா உன்னைக் காக்கட்டும்.

உன் அப்பா,
இருதயராஜ்

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. படம் வேண்டாம். கூட்டத்தில் ஜெகதீஷ், "சாத்தானைக் குழப்ப எந்த நேரம் வெச்சாலும் போதுமே சார். அது ஏன் கரெக்டா மூணரை மணி நேரம் பின்னால ஓடுது?" என்று கேட்டார். நான் மறுபடியும் சாத்தானிலிருந்தே ஆரம்பித்தேன். அம்மாதான் எழுந்து, "அது எங்க பொண்ணு ஊரு நேரம்பா. இப்ப எழுந்திருப்பா, இப்ப சாப்பிட்டிருப்பான்னு பாத்துக்குவோம்" என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்குள் மாட்டினால் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள் என்றுதான் கீழே மாட்டினேன். லிஃப்ட் இல்லாமல் தினம் பத்துத் தடவை படியிறங்குகிறாள். தீர்மானத்தை ஜெகதீஷே கிழித்துப் போட்டார். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்களாமே, மறக்காமல் போன் பண்ணு. ஏணி பிடிக்க அவரே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.