தையலுக்கு விட்ட அரை இஞ்ச்

தையற்காரர் தன் கையாலேயே பிளாஸ்டிக்கில் வெட்டிய பிரேம் உள்ளே போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. அவர் இடப்பக்கம் அழுத்தினால் வலப்பக்கம் தூக்கிக்கொண்டது. அதில் பொருத்த வேண்டிய, காருக்கென்று புதிதாக வாங்கிய பெரிய ஸ்கிரீன், டேஷ்போர்டு ஓட்டையில் ஒயரோடு தொங்கிக்கொண்டிருந்தது.

"அளவெடுத்துத்தானே வெட்டினீங்க?" கார் ஜன்னலில் மனைவியின் முகம்.

"அளவெல்லாம் சரிதான். பழக்கதோஷத்துல சுத்தி அரை இஞ்ச் தையலுக்கு விட்டுட்டேன்."

"பிளாஸ்டிக்குக்கு யாருங்க தையல் போடப்போறா? பேசாம கடையில வாங்கிடலாம்."

"கடையில வாங்கி மாட்ட எவனுக்கும் தெரியும்!"

அவர் கவலை அவருக்கு. சாயங்காலம் மனைவியின் அண்ணன் வருகிறார். கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளை எதைத் தொட்டாலும் "தையக்கடை வேலை" என்று நக்கலடிக்கும் மச்சான். "நீங்க செஞ்சதுன்னா ஒரே பார்வையில கண்டுபிடிச்சுடுவேன்" என்று போனிலேயே சவால் விட்டிருந்தார். கம்பெனியிலிருந்தே வந்தது போல இருக்க வேண்டும். அந்த வாயிலிருந்து ஒரே ஒரு பாராட்டு விழ வேண்டும். அதற்காகத் தையற்காரர் அவசரமாகத் தைத்துத் தர வேண்டிய கோட் ஒன்றைக்கூடக் கிடப்பில் போட்டுவிட்டார்.

அரத்தை எடுத்து ராவினார். உற்சாகத்தில் கொஞ்சம் கூடுதலாகவே ராவிவிட்டார். இப்போது பிரேம் உள்ளே போனது. போன வேகத்தில் டேஷ்போர்டுக்குப் பின்னாலேயே விழுந்தும் விட்டது.

அதை வெளியே எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஓரமெல்லாம் பட்டி பூசினார், உப்புத்தாளால் தேய்த்தார், கறுப்பு ஸ்ப்ரே அடித்தார். சட்டையில் ஒட்டியிருந்த நூல் பிசிறெல்லாம் பறந்துபோய் ஈரப் பெயின்டில் உட்கார்ந்துகொண்டன.

"இந்த டிசைன் கம்பெனியிலயே வருதாங்க?"

"கிண்டல் பண்ணாத. சீக்கிரம் காயட்டும், தட்டிவிட்டுடலாம்" என்றவர், கைக்குப் பழகிய ஒரே வழியில் இறங்கினார். மேலே துணியைப் போட்டு இஸ்திரி போட்டார். பிரேம் அப்பளமாக நெளிந்தது.

தையற்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"நீங்க குளிச்சுட்டுக் கொஞ்சம் படுங்க. ஏதாவது கனத்தை வெச்சு நான் நிமித்திப் பாக்குறேன்" என்றாள் மனைவி.

அவர் தூங்கி எழுந்து வந்தபோது பிரேம் மேஜைமேல் பளபளவென்று இருந்தது. நெளிவும் இல்லை, பிசிறும் இல்லை. ஓடிப்போய்ப் பொருத்தினார். 'டக்' என்று உட்கார்ந்தது! தையற்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா! எல்லாம் இஸ்திரிச் சூடுதான்! பட்டி நல்லா இறுகியிருக்கு!"

"ஆமாங்க" என்றாள் மனைவி.

மச்சான் வந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டினார். ஓரத்தில் நகத்தை ஓட்டினார், செல்போன் வெளிச்சத்தில் இடுக்குத் தேடினார்.

"கதை விடாதீங்க மாப்பிள்ளை. இது கம்பெனிது."

"என் கையால செஞ்சது மச்சான்! வேணும்னா உங்க தங்கச்சியக் கேளுங்க!"

தங்கச்சி தரையைப் பார்த்துத் தலையாட்டினாள்.

மச்சான் கண்ணாடியைக் கழற்றினார். "தையக்கடை வேலைன்னு சொன்ன வாயைக் கழுவணும். என் காரும் இதேதானே? எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க மாப்பிள்ளை."

தையற்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் இப்படியொரு சந்தோஷம் அவருக்கு வாய்த்ததில்லை. "அடுத்த வாரமே செஞ்சு தரேன் மச்சான்!"

தெருமுனையில் கார் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி, திறந்திருந்த கார்க் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, மத்தியானம் வாங்கிட்டுப் போனது கச்சிதமா உக்காந்துருச்சே! இதே மாதிரி இன்னும் ஒண்ணு கடையில இருக்கு, எடுத்து வைக்கட்டுமா?"