கதவின் வாயை அடைத்த உப்பு

பெண் கொடுக்கப் போகிறவரிடம் மாப்பிள்ளை தன் அறிவைக் காட்டவே கூடாது. சம்பளத்தைக் காட்டினால் போதும். (எனக்கு அதுவும் சொல்லும்படி இல்லை.)

2006இல் நான் வேதியியல் ஆராய்ச்சி மாணவன். என் பாடம் அயனித் திரவம். சாதாரண வெப்பத்திலேயே எண்ணெய் மாதிரி வழியும் ஒருவகை உப்பு அது. மசகு எண்ணெயில் சில சொட்டு சேர்த்தால் இரும்பும் இரும்பும் உராய்வது குறையும். உலகத்து உராய்வை எல்லாம் நானே ஒழிக்கப் போவதாக நம்பி, அந்தக் கலவையை ஒரு குப்பியில் அடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருடம்தான் ஜெயங்கொண்டத்தில் மலர்விழியைப் பேசி முடித்தார்கள். தையில் கல்யாணம். அவளுடைய அப்பா முந்திரி வியாபாரி, தராசைக்கூட நம்பாதவர். தீபாவளிப் பலகாரத்தோடு பெரம்பலூரிலிருந்து போய் இறங்கினேன். வாசல் இரும்புக் கதவைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தும் என்பது பெண் பார்க்க வந்த அன்றே தெரியும். எனக்குக் கை பரபரத்தது. குப்பியைக் குலுக்கிக் கீல்களில் விட்டு ஆட்டினேன். கதவு வாயே திறக்கவில்லை. உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்த மாமாவின் கட்டிலருகே நின்றேன்.

கண் விழித்தவர் பதறி எழுந்தார். “எப்படி உள்ள வந்தீங்க?”

“கதவத் திறந்துதான் மாமா.”

“சத்தம் கேக்கலையே.”

“இனிமே கேக்கவே கேக்காது மாமா,” என்றேன் பெருமையாக.

எழுந்து போய்க் கதவை ஆட்டிப் பார்த்தார். அடுக்கியிருந்த முந்திரி மூட்டைகளைப் பார்த்தார். சமையலறை வாசலில் நின்ற மலர்விழியைப் பார்த்தார். கடைசியாக என்னை.

“அந்தச் சத்தத்த நம்பித்தான் நான் கண்ண மூடுறேன். கல்யாணத்துக்கு முந்தி சத்தமில்லாம வந்துபோக உங்களுக்கு என்ன அவசியம்?”

“ஆராய்ச்சி மாமா. அது ஒரு உப்பு.”

குப்பியை வாங்கி முகர்ந்தார். “எண்ணெயாட்டம் வழியுது, உப்புங்கிறாரு. கதவு பழையபடி கத்தட்டும். அப்பறம் பத்திரிகை அடிச்சுக்கலாம்.”

மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். மணல் போட்டுத் தேய்த்தேன். மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். ஆய்வகத்தில் ஒருநாளும் ஒழுங்காக வேலை செய்யாத சரக்கு, அன்றைக்கென்று இரும்பை விடாமல் பிடித்துக்கொண்டது. எனக்கு மலர்விழியை ரொம்பப் பிடித்திருந்தது. ஊர் திரும்பும் பஸ்ஸில் அழுகையே வந்துவிட்டது.

அந்தத் திரவம் ஈரத்தை இழுக்கும், இழுத்தால் இரும்பை அரிக்கும் என்பது ஆராய்ச்சியாளனான எனக்கே அப்போது தெரியாது. கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் மலர்விழி போன் செய்தாள்.

“கீலெல்லாம் துரு ஏறிடுச்சுங்க. கதவு முன்னைக்கு மேல கத்துது. பக்கத்து வூட்டுக்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்க.”

“மாமா என்ன சொல்றாரு?”

“பத்திரிகை அடிக்கப் போயிருக்காரு.”

இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் மாமா என்னை இப்படித்தான் அறிமுகம் செய்கிறார்: “மாப்ள பெரிய படிப்பு. இரும்பு சீக்கிரமா துருப்பிடிக்க மருந்து கண்டுபிடிச்சவரு.”